ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 22 வருடம் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனித்து, இப்போது ஓய்வில் இருக்கும் ஒரு நர்ஸ்.

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில், “புற்றுநோய் வந்த உறவைப் பார்த்து அனுப்பி வைத்தவர்கள், மனசில் நிற்கிற கேள்வியை எழுதுங்கள்” என்று ரெண்டே வரி போட்டிருந்தோம். மஞ்சள் பை கொள்ளாமல் கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சிலதை ராத்திரியில் படித்திருக்கக் கூடாது. இடம் இருக்கிற வரைக்கும் இங்கே பதில் சொல்கிறேன்; மற்றவர்களுக்குத் தபாலில் வரும்.

*கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் புற்று. பங்குனியில் தவறிப்போனார். கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பருக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றினோம், பாதி வழியிலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ரெண்டு மாதம் கழித்து, டாக்டருக்கு மேல்படிப்பு படிக்கிற பொண்ணு ஒன்று வீட்டுக்கு வந்து, “இந்த மாதிரி நோயாளிகளுக்காக எதை ஆராய்ச்சி செய்யணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. பத்தாவது படித்த என்னைக் கேட்டு என்ன தெரியப்போகிறது? — பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்*

தாயி, அந்தப் பொண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம்; எனக்குச் சொல்லிவிட்டீர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பதில்.

இங்கிலாந்தில் இதே கேள்வியை ஊரறியக் கேட்டார்கள். கேட்ட அமைப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி எழுந்து நடமாடியது. அவர் பெயரில் 2004-லிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. நோயாளி, வீட்டில் பார்த்துக்கொள்பவர், டாக்டர், நர்ஸ் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, ‘இன்னும் பதில் தெரியாத கேள்வி எது, அதில் எது முதலில்?’ என்று முடிவு செய்ய வைப்பதுதான் அதன் வேலை. சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிப்பது பற்றியும், மேரி கியூரி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கேட்டார்கள். 1,403 பேர் பதில் எழுதினார்கள். உறவைப் பறிகொடுத்தவர்களும் அதில் உண்டு. அத்தனையையும் சலித்து 83 கேள்வி ஆக்கி, அதிலிருந்து 10 எடுத்து 2015 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

முதல் இடத்தில் என்ன வந்தது தெரியுமா? புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. ஆஸ்பத்திரி நேரம் முடிந்த பிறகு, ராத்திரியிலும் லீவு நாளிலும், நோயாளி திண்டாடாமல் அவர் விரும்பிய இடத்திலேயே இருக்க என்ன ஏற்பாடு செய்வது? இதுதான். பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் இது முதலிடத்துக்கு வந்திருக்காது என்பது என் எண்ணம். வசதியான தேசத்துக்காரர்களும் பத்தாவது படித்த நீங்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் மாத்திரை பிரித்துக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு வாயில் புற்று. 2011 ஐப்பசி, அடைமழை, கரண்ட் இல்லை. ராத்திரி வலி ஏறிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வலி மாத்திரையும் மலம் இளக்குகிற மாத்திரையும் ஒரே மாதிரி பளபளக்கின்றன. பொடி எழுத்து. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நர்ஸுக்கே அன்றைக்குக் கை ஓடவில்லை.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து நான் போகிற வீட்டில் எல்லாம் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் கேட்டு வாங்குவேன். ராத்திரிக்கு வேண்டிய மாத்திரைகளை டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி தனித்தனிப் பொட்டலமாக மடித்து அதில் போட்டுவிடுவேன். வலிக்கு உண்டான பொட்டலத்தில் தேள் படம், வாந்திக்கு வாளி, மூச்சு முட்டலுக்கு விசிறி. மூடியில் பிறை நிலா. படிக்கத் தெரியாத பாட்டிகளும் இருட்டில் தடவி எடுப்பார்கள். விசிறிப் பொட்டலம் வைத்த வீட்டில் கூடவே நிஜ விசிறியும் ஒன்று வேண்டும் என்பேன். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, கன்னத்திலும் மூக்கிலும் காற்றுப் படும்படி விசிறினால் மூச்சுத் திணறல் கொஞ்சம் தணியும். இது சோதித்துப் பார்த்த சங்கதி, பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டாம். இங்கிலாந்திலும் அவசரத்துக்கு வேண்டிய மருந்தை முன்கூட்டியே பெட்டியில் வைத்து வீட்டில் கொடுத்துவிடுகிற வழக்கம் உண்டு. அவர்கள் பெட்டி, என் ஹார்லிக்ஸ் பாட்டில்.

அந்தப் பாட்டில் எத்தனை ராத்திரி ஆம்புலன்ஸை மிச்சம் பிடித்தது? எந்த வீட்டில் பயந்துபோய் மூடியைக்கூடத் திறக்காமல் விட்டார்கள்? எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. அந்தப் பொண்ணு மறுபடி வந்தால் இதை எண்ணச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், நோய்த்தணிப்பும் (நோயாளியின் வலி, மூச்சுத் திணறல் போன்ற உபாதையைக் குறைக்கிற கவனிப்பு) அதில் சேர்ந்தது. வருகிறவர்களிடமும், “ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடணும்?” என்று இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த வீட்டுக்கு உதவும்.

*கேள்வி: புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வக்கில்லை, சாகப்போகிறவர்களை வைத்து ஆராய்ச்சியா? — ஒரு வாசகர், சேலம்*

கோபம் நியாயம்தான். ஆனால் பாஸ்டனில் 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் கேளுங்கள். நுரையீரல் புற்று முற்றிப் பரவிய 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு அதோடு சேர்த்து, ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புக் குழுவின் கவனிப்பும். இரண்டாம் கூட்டத்தார் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், கடைசிக் கட்டத்தில் கீமோவும் குறைவாகவே ஏற்றிக்கொண்டார்கள். அப்படியும் அவர்கள் இருந்தது நடுக்கணக்கில் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். சாகப்போகிறவர்களுக்கான ஆராய்ச்சி என்று நீங்கள் ஒதுக்குவதுதான் அவர்களுக்கு ரெண்டரை மாதத்துக்கு மேல் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

*கேள்வி: என் கணவருக்கு மார்ஃபின் மாத்திரை நான்தான் கொடுத்துவந்தேன். சாயங்காலம் 6 மணிக்குக் கொடுத்தேன், 9 மணிக்குப் போய்விட்டார். “அந்த மாத்திரைதான் ஆளை முடிச்சிருச்சு” என்று கொழுந்தனார் கருமாதி வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மூன்று வாரமாகக் கொடுத்த அதே 10 மில்லிகிராம்தான். என் கையால் நடந்ததா? — பெரியகுளம் வாசகி*

இல்லை. மூன்று வாரம் அதே அளவு தின்று பழகிய உடம்பை அதே அளவு அன்றைக்கு மட்டும் கொல்லாது. போகிறவருக்கு யாராவது ஒருவர் கையால்தான் கடைசி மாத்திரை போகும். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், அதனால் உங்கள் கை. 6 மணிக்கு ரெண்டு வாய் இட்லி ஊட்டியிருந்தால் இட்லி கொன்றது என்று சொல்வாரா உங்கள் கொழுந்தனார்?

சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற மருந்து. படுக்கும்போது ரெண்டு மடங்காகக் கொடுத்துவிட்டால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். கூடவே மலம் இளக மாத்திரை கட்டாயம். குறைந்த அளவில் ஆரம்பித்து வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் அது மூச்சை நிறுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனம் படிப்படியாக வலி மருந்தை ஏற்றும் முறையை 1986-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

நம் ஊரில் அந்த மாத்திரை கைக்கு வருவதே பெரும்பாடாக இருந்தது. குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அதே செடியின் பாலிலிருந்துதான் மார்ஃபின். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு அந்தச் செடியைப் பயிர் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தேசம் இது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, ஒரு ஆஸ்பத்திரி நாலு அட்டை மாத்திரை வாங்கி வைக்கப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-ல் திருத்தம் செய்து, அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்காகப் பல வருடம் போராடியவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற நோய்த்தணிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால்.

சட்டத்தைத் திருத்தினார்கள், கொழுந்தனாரைத் திருத்த வழி சொல்லவில்லை. முதல் அட்டையைக் கொடுக்கிற அன்றைக்கு, அண்ணன் தம்பி, மாமியார் என்று யார் யாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த வார்த்தையில் சொன்னால் பின்னால் ஒரு பெண் தலையில் இந்தப் பழி விழாது? நோட்டில் இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. (நோட்டு என்றேனே, அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

*கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம். அம்மா 2014இல் லண்டனில் புற்றுநோயால் காலமானா. கடைசி இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில். இரவில் எங்களை நிற்க விடுவதில்லை. நர்ஸ் வந்து “பெயின்?” எண்டு கேட்டால் அம்மா “நோ… நோ…” எண்டு சொல்லுவா. எங்கட தமிழில் நோ எண்டால் வலி. அவையள் வலி இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிருக்கினம். மூன்று இரவு. கட்டிலின் கால்மாட்டில் கிடந்த தாளைத் தற்செயலாக வாசித்துத்தான் நான் கண்டுபிடிச்சன். சில மாதம் கழித்து, இறந்தவரின் உறவினருக்கெண்டு அரசாங்கத்திடமிருந்து நீட்டுக் கேள்வித்தாள் ஒன்று வந்தது. கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் இதை எழுதி அனுப்பினேன். ஆராவது வாசிச்சிருப்பினமோ? — ஒரு மகள், ஹாரோ*

உங்கள் கடிதத்தை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஓரெழுத்துச் சொல். அது மூன்று ராத்திரியைத் தின்றிருக்கிறது.

உங்களுக்கு வந்த தாள் எது என்று தெரிகிறது. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை, வருடா வருடம், இறப்பைப் பதிவு செய்த உறவினர்களுக்குத் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாள். வலி எவ்வளவு தணிந்தது, மரியாதையாக நடத்தினார்களா, விரும்பிய இடத்தில் இறந்தாரா என்றெல்லாம் கேட்கும். ஜப்பானிலும் 2007 முதல் சில வருடத்துக்கு ஒரு தடவை, நோய்த்தணிப்புப் பிரிவுகளில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் நாடு முழுக்க இப்படிக் கேட்கிறார்கள். கட்டம் போட்ட பதிலைக் கணினி எண்ணிவிடும். வெற்றிடத்தில் எழுதியதை மனுஷர் உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு. அப்படி வாசிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நீங்கள் எழுதி அனுப்பியது சரி.

நான் சொன்ன பத்துக் கேள்வியில் பத்தாவது இது: பேசிப் புரிய வைக்க முடியாதவர்களின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தணிப்பது? மறதி நோய், நடுக்கவாதம் வந்தவர்களை முன்னால் வைத்து எழுதிய கேள்வி. உங்கள் அம்மா நன்றாகப் பேசினார்; கேட்டவருக்குத்தான் மொழி இல்லை.

நம் ஊருக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்கச் சொல்லி எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டேன். “பத்தா? எதுல பத்து?” என்றார். “ஒரு ரூவாய்க்கு எத்தனையணா வலி பாட்டி?” என்று மாற்றிக் கேட்டதும், யோசிக்கவே இல்லை, “பன்னண்டணா.” மறுவாரம் மருந்தை ஏற்றிய பிறகு, “இப்ப நாலணாதேன், அதுவும் திரும்பிப் படுத்தா.” அதற்கப்புறம் வயசானவர்களிடம் எனக்குப் பத்துக் கணக்கு கிடையாது, பதினாறு அணாதான்.

வலிக்கு நம்மிடம் வார்த்தைப் பஞ்சமா இருக்கிறது? குத்துது, கடுக்குது, குடையுது, பிசையுது, விண் விண்ணுன்னு தெறிக்குது. ‘எரியுது, சுருக்குன்னு கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது’ என்றால் அது நரம்பு வலியாக இருக்கும். மார்ஃபின் மட்டும் போதாது, வேறு மருந்தும் சேர வேண்டும். எந்தச் சொல்லுக்கு எந்த வலி என்று யாழ்ப்பாணம், நாஞ்சில் நாடு, கொங்கு என்று ஊர் ஊராகத் தொகுத்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் ஒரு தாளாக ஒட்டலாம். பெரிய செலவில்லாத ஆராய்ச்சி. அந்தத் தாளில் முதல் வரி: ‘நோ என்றால் வலி.’

*கேள்வி: கடைசி நாலு நாள் அம்மாவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றச் சொன்னோம், டாக்டர் வேண்டாம் என்றார். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோமோ என்று தூக்கம் வரவில்லை. — கரூர் வாசகர்*

ஹூஸ்டனில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2013-ல் வந்தது. கடைசிக் கட்டத்தில் இருந்த 129 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 1 லிட்டர் உப்பு நீர், மறு பாதிக்குச் சும்மா பேருக்கு 100 மில்லி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் கவனித்தவர்களுக்கும் தெரியாது. அசதி, குழப்பம், ஆயுசு எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உடம்பு கடையை எடுத்து வைக்கிற நேரம் அது. அம்மா பசியோடு போகவில்லை. ஏற்றியிருந்தால் கால் வீங்கியிருக்கலாம், நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம். அதுவும் உங்கள் கண்ணில்தான் நின்றிருக்கும்.

ஆனால் ஹூஸ்டன் டாக்டர்கள் கேட்டது ஒன்று, நீங்கள் கேட்பது ஒன்று. ‘தண்ணீர் ஏற்றினால் பலன் உண்டா?’ என்பது அவர்கள் கேள்வி. ‘பெற்ற தாய் கிடக்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா?’ என்பது உங்களுடையது. நம் ஊரில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பால் ஊற்றுகிறோம் இல்லையா? மகன், மகள், பேரன், சம்பந்தி என்று வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு சொட்டு. விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் புரையேறிவிடும் என்று நான் முதலில் தடுத்துக்கொண்டிருந்தேன். தடுத்த வீட்டில் எல்லாம் என் மேல் கோபம், சரியான கோபம். பிறகு பஞ்சை நனைத்து உதட்டிலும் நாக்கு நுனியிலும் தொட்டு வைக்கச் சொன்னேன். வாய் உலராது, புரையும் ஏறாது, ஊற்றிய திருப்தியும் உண்டு. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டில் பதினேழு பேர் பஞ்சைத் தொட்டு வைத்தார்கள். கடைசியில் வந்த பேரப்பயல், நாலு வயசு, “பாட்டி உதட்ட நக்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பின்னால் ஒருநாளும் குளுக்கோஸைப் பற்றிக் கேட்டதில்லை. குளுக்கோஸ் கேட்கிற குடும்பத்துக்குப் பஞ்சைக் கொடுத்தால் மனசு ஆறுகிறதா என்று ஒருவர் முறையாகப் பார்த்து எழுதட்டும், முதலில் வாசிப்பது நானாக இருக்கும்.

*கேள்வி: மனைவிக்குக் கடைசி ஒரு நாள் முழுக்கத் தொண்டையில் கரகரவென்று சத்தம். இப்போது வீட்டு போர் மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்று இழுக்கும்போது ஓடிப்போய் அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் மூச்சுத் திணறிச் செத்தாளா? — தாராபுரம் வாசகர்*

அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை ஐயா. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி, மூச்சு அதன் மேல் போய் வருகிற சத்தம் அது. கேட்கிறவர்களுக்குத்தான் வதை. நெற்றி சுருங்காமல் முகம் தளர்ந்து இருந்ததா? அப்படியானால் அவருக்கு வேதனை இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பாதி அடங்கும். குழாய் விட்டு உறிஞ்சுவதுதான் பல நேரம் உபத்திரவம்.

நம் ஊரில் வயிற்றுப் பிடிப்புக்குப் போடுகிற பஸ்கோபான் ஊசியை, சத்தம் வருவதற்கு முன்னாலேயே போட்டால் என்ன என்று நெதர்லாந்தில் 157 பேரிடம் பார்த்தார்கள், 2021-ல் வெளிவந்தது. போடாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சத்தம் வந்தது, போட்டவர்களில் 13 சதவீதம். ஜப்பானில் இந்தச் சத்தத்தைப் பற்றியே தனியாகக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு வலிக்காத ஒன்றை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்பவர்கள் தாராபுரத்துக்கு வந்து உங்கள் மோட்டார் சத்தத்தைக் கேட்கட்டும். மோட்டாரை ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையனைப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் அந்த நேரத்தில் கடைக்குப் போய் வாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசக்கூடிய டாக்டர் ஒருவரின் விலாசம் தருகிறேன்.

*கேள்வி: அம்மாவிடம் கடைசிவரை ‘அல்சர்’ என்றே சொல்லிவிட்டோம். தப்பா? — திருச்சி வாசகி*

ஃபைல் அட்டையில் புற்றுநோய் என்று அச்சடித்திருப்பது தெரியக் கூடாதென்று காலண்டர் தாளைச் சுற்றி ஒட்டுவீர்கள். பஸ்ஸில் கண்டக்டர், “கேன்சர் ஆஸ்பத்திரியெல்லாம் எறங்கு!” என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். அம்மாவும் இறங்குவார். அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். அவர் உங்களிடம் ஏதாவது கேட்டு, நீங்கள் பேச்சை மாற்றிய நாள் ஒன்று ஞாபகம் வருகிறதா? வந்தால், தங்கையிடமாவது அதைச் சொல்லிவிடுங்கள். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*கேள்வி: அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. மிச்சம் 14 மார்ஃபின் மாத்திரை பீரோவில் இருக்கிறது. முட்டி வலிக்குப் பக்கத்து வீட்டு மாமா கேட்கிறார். கொடுக்கலாமா? — நத்தம் வாசகர்*

கூடவே கூடாது. குப்பையிலும் போடாதீர்கள். வாங்கின இடத்திலேயே, மருந்துச் சீட்டோடு, காலி அட்டை இருந்தால் அதையும் சேர்த்து ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

நத்தம் என்று பார்த்ததும் வேறொருவர் ஞாபகம் வந்துவிட்டது. நான் இந்த வேலைக்கு வந்த புதிது. உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சம்சாரம் போய்ப் பதினாறு நாள் கழித்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து மேஜையில் வைத்தார். 11 மாத்திரை. எண்ணி எழுதிவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “நீங்க நாலு மணிக்கு ஒருக்கானு சொன்னீக. அவ ரெண்டு மணியிலயே கத்துவா. நான் கடியாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். இந்தப் பதினொண்ணையும் நடுவுல குடுத்திருக்கலாமாம்மா?”

கொடுத்திருக்கலாம். இடையில் வலி வந்தால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் அவர் கேட்டதை அப்படியே எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு மாத்திரையைத் திருப்ப வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்து, “நாங்க எதை வேற மாதிரி செஞ்சிருக்கணும்?” என்று கேட்க ஆரம்பித்தேன். பின்னட்டை தீர்ந்து நோட்டு வாங்கினேன். இப்போது மூன்று நோட்டு இருக்கிறது.

உங்கள் 14 மாத்திரையைக் கொண்டுபோகும்போது காலையில் போகாதீர்கள், புறநோயாளிக் கூட்டம் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் நர்ஸ் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.